மூலையில் ஒரு விரல்

“அந்த ஆளை வெளியே அனுப்புங்கம்மா.”

பொன்னுரங்கம்தான் சொன்னார். தவமணி அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

“எந்த ஆளை?”

“காலையில சாக்குப்பையோட வந்தானே, அவனை.”

“ஏன்?”

“பிள்ளை பிடிக்கிறவன்.”

அம்மா ஒரு காம்பை உருவிப் போட்டார். அடுத்த காம்பை எடுத்தார்.

அது மலையடிவாரத்தில் ஒரு மடம். மடம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு தகரக் கூரை, ஒரு அடுப்பு, மலை சுற்ற வருகிறவர்களுக்கு மத்தியானக் கஞ்சி. அவ்வளவுதான். தவமணி அம்மாவுக்கு வயது முப்பத்தைந்து. பொன்னுரங்கத்துக்கு அறுபத்திரண்டு. இருந்தாலும் அம்மாதான் குரு, அவர்தான் சீடர். முப்பது வருடம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்துவிட்டு, ரிட்டயரான மறுவாரமே ஞானம் தேடி வந்துவிட்டார்.

ஞானம் தேடி வந்தவர் செல்போனை வீட்டில் வைத்துவிட்டு வரவில்லை.

அதில் வருவதை எல்லாம் நம்புவார். மலைக்கு மேலே போகும்போது செயற்கைக்கோள் மூன்று செகண்ட் நின்று கும்பிட்டுவிட்டுப் போகிறது என்று வந்தது. நம்பினார். செல்போன் டவர் வந்ததால்தான் மடத்து எலுமிச்சை காய்க்கவில்லை என்று நம்பினார். அந்த எலுமிச்சைக்கு அவர் ஒரு நாளும் தண்ணீர் ஊற்றியதில்லை. போனை நம்புகிற அளவுக்கு மனிதர்களை நம்ப மாட்டார். டிக்கெட் எடுக்காதவனை மூஞ்சியைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவேன் என்பார்.

“உங்களுக்கு எப்படித் தெரியும், கண்டக்டரே?” என்று அம்மா கேட்டார்.

“தமிழ் தெரியல. பேர் கேட்டா சிரிக்கிறான். எந்தச் சாமின்னும் தெரியல. விபூதி குடுத்தா வாங்கிக்கிறான். மலை மேல தர்காவுக்குப் போறவங்க சக்கரை குடுத்தாங்க, அதையும் வாங்கிக்கிறான். எல்லாத்தையும் வாங்குறவனை எப்படிம்மா நம்புறது?”

“நீங்களும்தான் ரெண்டையும் வாங்குனீங்க.”

“நான் வேற.”

அம்மா இன்னொரு காம்பை உருவினார்.

“பைக்குள்ள என்ன வச்சிருக்கான்னு கேட்டீங்களா?”

“இல்லை. நீங்க?”

அவரும் கேட்கவில்லை. பயம். ஆனால் காலையிலேயே தூணுக்குப் பின்னால் நின்று அந்த ஆளை ஒரு போட்டோ எடுத்திருந்தார். அதைப் பஜனை குரூப்பில் போட்டார். ‘மலையடி மடத்தில் ஒருவன். ஆள் சரியில்லை. பிள்ளைகள் பத்திரம்.’ பதினோரு பேர் இருக்கிற குரூப். நல்லதுக்குத்தானே என்று நினைத்தார்.

போட்டோ எடுப்பதில் அவருக்கு ஒரு ராசி உண்டு. எதை எடுத்தாலும் வலது மூலையில் அவருடைய விரல் விழும். பேத்தி மொட்டையடித்த போட்டோவில்கூட விரல்தான் பெரிதாக இருக்கும். ‘அப்பா கையெழுத்து போட்டுட்டார்’ என்று மகள் கிண்டல் செய்வாள்.

“நான் மட்டும் சொல்லலம்மா. பாருங்க.” போனை நீட்டினார். “ரிட்டயர்டு கண்டக்டர் குரூப்ல வந்திருக்கு. என் மக தெரு குரூப்ல வந்திருக்கு. திருவிழா கமிட்டி. என் மச்சான் ஊரு. நாலு இடம். நாலு இடத்துலயும் இவனைப் பாத்திருக்காங்க. ஒரு ஊர்ல ரெண்டு பிள்ளையக் காணோமாம். ஒரு ஊர்ல இவன் பையில கொலுசு இருந்துச்சாம்.”

“ம்.”

“ம் தானா? நாலு இடம்மா.”

அம்மா கீரையை முறத்தில் அள்ளி வைத்தார்.

“போன மாசம் பக்கத்து ஊர்ல போர்வை விக்க வந்தவரை அடிச்சாங்களே. எத்தனை இடத்துல வந்துச்சு?”

பொன்னுரங்கம் நீட்டிய போனை இழுத்துக்கொண்டார். அந்தப் போர்வைக்காரர் இன்னும் நடக்கவில்லை. அவர் யார் பிள்ளையையும் பிடிக்கவில்லை என்று பிறகு தெரிந்தது. பிறகு தெரிந்து என்ன பண்ண.

“அவன் வேற, இவன் வேற” என்றார் கடைசியில். “மெக்கானிக் லோகு பசங்களோட வர்றானாம். மெசேஜ் போட்டிருக்கான். அதுக்குள்ள அனுப்பிச்சிடுங்க. மடத்துக்குள்ள எதுக்கு வம்பு.”

அதாவது அடி விழட்டும், ஆனால் வெளியே விழட்டும். அம்மா முதல் தடவையாக அவரை நிமிர்ந்து பார்த்தார்.

“கஞ்சி ஆயிடுச்சு. ஊதுங்க.”

“இப்பவா?”

“பசிக்குதுல்ல.”

மடத்தில் மணி கிடையாது. பொன்னுரங்கத்தின் பழைய கண்டக்டர் விசில்தான் மணி. அரைஞாண் கயிற்றில் கட்டி வைத்திருப்பார். உள்ளே இருந்த உருண்டை என்றைக்கோ உடைந்துபோனது. கரகரவென்றுதான் கத்தும்.

வாசலுக்குப் போய் மலையைப் பார்த்து ஊதினார்.

கர்ர்ர்ர்.

பெரிய பாறை திருப்பி ஊதியது. அப்புறம் சுனைப் பக்கத்துப் பாறை. அப்புறம் இன்னும் இரண்டு, தூரத்தில், மெலிசாக.

“மலையில நாலு கண்டக்டர் இருக்காங்க போல” என்றார் அம்மா.

“என்னம்மா விளையாடுறீங்க. எதிரொலி அது.”

“இல்லை. நாலு இடத்துல ஊதுறாங்க. நான் கேட்டேன்.”

“நான் ஊதுனதும்மா. உடைஞ்ச விசில். என் விசில் எனக்குத் தெரியாதா?”

“தெரியுமா?”

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினார். அவர் போனைக் கொடுத்தார். அம்மா ஒவ்வொன்றாகப் பார்த்தார். நான்கு போட்டோ. ஒன்றில் அந்த ஆளின் முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம். ஒன்றில் மேலே கொட்டை எழுத்து. ஒன்றை யாரோ கறுப்பு வெள்ளை ஆக்கியிருந்தார்கள். கடைசி போட்டோவில் ‘உடனே பகிரவும்’ என்று மண்டை ஓட்டுப் படம் வேறு.

போனைத் திருப்பிக் கொடுத்தார்.

“இது யார் விரல்?”

பொன்னுரங்கம் பார்த்தார். காலையிலிருந்து எழுத்தைத்தான் படித்தார், படத்தைப் பார்க்கவில்லை. வலது மூலை. மங்கலாக, கொழுக்கட்டை மாதிரி.

அடுத்த போட்டோ. வலது மூலை.

அடுத்தது. அதற்கும் அடுத்தது.

மறுபடி முதல் போட்டோவுக்குப் போனார்.

அதற்குள் பைக் சத்தம் கேட்டுவிட்டது.

ஆறு பைக். பன்னிரண்டு பேர். முன்னால் லோகு, டூவீலர் மெக்கானிக். கையில் பைப் ஸ்பானர். சும்மா வரும்போது யாரும் பைப் ஸ்பானர் எடுத்து வருவதில்லை.

பந்தி உட்கார்ந்திருந்தது. அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. அன்றைக்குப் புதிதாக யார் வந்தாரோ அவர்தான் எல்லாருக்கும் கஞ்சி ஊற்ற வேண்டும். அதனால் அந்த ஆள்தான் கரண்டியோடு நடுவில் நின்றுகொண்டிருந்தான். ஒளிந்துகொள்ள அவனுக்குத் தெரியவும் இல்லை.

“கண்டக்டர் மாமா, இவன்தானே?”

பொன்னுரங்கம் போனை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

ஒரு பையன் சாக்குப்பையைக் கொட்டினான். ஒரு போர்வை. ஒரு அலுமினியத் தட்டு. துணி சோப்பு. கடைசியாக ஒரு சின்ன கவுன், ரோஸ் கலர்.

“பாத்தியா. பாத்தியா” என்றான் லோகு. “நான் சொல்லல?”

கவுனைத் தூக்கிப் பிடித்தான். கழுத்துப் பக்கம் கடை அட்டை நூலில் தொங்கி ஆடியது. பிரிக்கக்கூட இல்லை. அந்த ஆள் கரண்டியை வைத்துவிட்டு, அழுக்குப் படாமல் வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினான். தன் இடுப்பு உயரத்துக்குக் கையைக் காட்டி, என்னவோ ஒரு பெயரைச் சொன்னான். சிரித்தான்.

லோகு ஸ்பானரை மாற்றிப் பிடித்தான்.

பொன்னுரங்கம் அம்மாவைப் பார்த்தார். அம்மா பந்தியில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். எழுந்திருக்கிற மாதிரியே தெரியவில்லை.

என்ன குரு இது, என்று நினைத்தார். ஒரு வார்த்தை சொன்னால் என்ன?

விசிலை எடுத்து வாயில் வைத்தார். ஊதினார். ஒரே விசில். பஸ்ஸில் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

சின்ன வயதிலிருந்து அந்த விசிலுக்கு பஸ் நின்றதைப் பார்த்த பழக்கமோ என்னவோ, பன்னிரண்டு பேரும் நின்றார்கள். மலை நான்கு தடவை சொல்லி முடிக்கும்வரை நின்றார்கள்.

“விடு லோகு.”

“என்ன மாமா விடு? நாலு இடத்துல போட்டிருக்காங்க. நாலு இடமும் பொய்யா?”

“நாலு இடம் இல்லப்பா.”

“அப்புறம்?”

பொன்னுரங்கம் போனைத் தூக்கிக் காட்டினார். வலது மூலையில், அந்த மங்கலான விரலுக்குப் பக்கத்தில், தன் விரலை வைத்தார்.

“நான் ஒருத்தன்தான்.”

லோகு போட்டோவைப் பார்த்தான். விரலைப் பார்த்தான். பிறகு பன்னிரண்டு பேரும் பொன்னுரங்கத்தைப் பார்த்தார்கள். காலையில் தூணுக்குப் பின்னாலிருந்து அவர் அந்த ஆளைப் பார்த்தாரே, அதே பார்வை.

அந்த ஆளுக்கு மட்டும் ஒன்றும் விளங்கவில்லை. சாப்பிடப் பன்னிரண்டு பேர் கூடுதலாக வந்திருக்கிறார்கள் என்பது மட்டும் விளங்கியது.

அண்டாவை எட்டிப் பார்த்தான். இரண்டு சொம்பு தண்ணீர் ஊற்றிக் கலக்க ஆரம்பித்தான்.