சாரலில் நின்ற அண்ணாச்சி

தென்காசியில் பாத்திரக்கடை வைத்திருந்த ஆவுடையப்ப அண்ணாச்சிக்கு, தனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்ற நினைப்பு. கடைக் கம்ப்யூட்டரை வேகமாக்கும் என்று புதுசாய் எஸ்.எஸ்.டி. என்ற சேமிப்புப் பாகத்தை வாங்கிப் போட்டு, "இனி சுவிட்சத் தட்டுனா மின்னல்தான்" என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டார். கம்ப்யூட்டரோ பழையபடி ஆடி அசைந்துதான் எழுந்தது.

பழி, பில் போடும் பிலோமி மேல் விழுந்தது.

"நீதாம்ளா என்னமோ கெடுத்து வச்சிருக்க. நாளைக்குச் சட்டுனு திறக்கலன்னா வேலைக்கு வராத!"

பிலோமி குடைந்து பார்த்தாள். கம்ப்யூட்டர் கண் விழித்ததுமே தானாக ஓட வேண்டும் என்று ராசிபலன், தங்க விலை, சுப்ரபாதம் எனப் புரோகிராம்களின் ஒரு பெருங்கூட்டத்தையே அண்ணாச்சி ஏற்றி வைத்திருந்தார்.

"இதையெல்லாம் எடுத்திரட்டுமா, அண்ணாச்சி?"

"ஒண்ணு குறையக் கூடாது. ஆனா வேகமாத் திறக்கணும்!"

மறுநாள் காலையில் நல்ல சாரல். நனைந்துகொண்டே ஓடி வந்த அண்ணாச்சியை, பிலோமி சொல்லி வைத்திருந்தபடி, கடை ஆட்கள் வாசலிலேயே மறித்தார்கள். ஒருவர் ராசிபலன் வாசித்தார். அடுத்தவர் தங்க விலை சொன்னார். மூன்றாமவர் கண்ணை மூடிச் சுப்ரபாதத்தை ஆரம்பித்தார்.

"ஏலே, முதல்ல உள்ள விடுங்கலே! மத்ததெல்லாம் பெறவு கேட்டுக்கிடுதேன்!"

பிலோமி குடையை நீட்டினாள்.

"இதத்தான் அண்ணாச்சி, கம்ப்யூட்டரும் தெனமும் கேக்குது."

அண்ணாச்சி தலையாட்ட, பிலோமி அவற்றையெல்லாம் பிறகு ஓடும்படி தள்ளி வைத்ததும் கம்ப்யூட்டர் கண் இமைப்பதற்குள் எழுந்து நின்றது. அண்ணாச்சி ஈரத் துண்டைப் பிழிந்தபடி எல்லாரையும் பார்த்துச் சொன்னார்:

"பாத்தீயளா, நான் வாங்கிப் போட்ட எஸ்.எஸ்.டி.ய!"