பரக்கத்தின் முதல் மனை

பரக்கத் மனை வியாபாரத்துக்குப் புதுசு. ஆட்டோவை விற்ற பணத்தை முன்பணமாகக் கொடுத்து, ரோஸ்லின் டீச்சரின் மனைக்கு ஒப்பந்தம் போட்டிருந்தான். தவணைக்குள் வேறு ஆளைப் பிடித்து லாபத்துக்குக் கைமாற்றிவிட வேண்டும். டீச்சருக்கும் அதில் சம்மதம். ஆள் கிடைக்காவிட்டால் முன்பணம் போச்சு.

அடுத்த தெருவில் அடுக்குமாடி கட்டப்போகிற புரமோட்டர் தணிகாசலத்திடம் மனையை விற்கப் போனான். வீட்டுக்கு முன்பதிவு செய்ய வந்த கூட்டத்தின் நடுவே அவர் சிரித்தார். "உன் பேர்ல ஒரு சென்ட்கூட இல்ல. வாங்காத மனையை எப்படிடா விப்பே?"

பரக்கத் சுவரில் மாட்டியிருந்த அடுக்குமாடிப் படத்தைப் பணிவாகக் காட்டினான். "நீங்க கட்டாத வீட்டை விக்கிற மாதிரிதான் சார். என் மனையையாவது இப்பவே போய் மிதிச்சுப் பார்க்கலாம்."

கூட்டம் சிரித்துவிட்டது. செக்கை நீட்டியிருந்த ஒருவர் கையை மெதுவாக இழுத்துக்கொண்டார்.

"தம்பி, அந்த மனை எங்க இருக்கு?" என்றபடி அவர் செக்கை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, வாசலில் கிடந்த செருப்பை மாட்டினார்.