புடலங்காய்க்குக் கட்டிய கல்

ஆதிமூலம் மடத்துக்கு வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது அறுபத்து மூன்று. குருவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை.

ஊரில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள் என்று அவருக்கே தெரியும். காலமெல்லாம் பள்ளிக்கூட மைதானத்தில் விசில் ஊதி, பிள்ளைகளை வரிசையில் நிறுத்தியவர். பி.டி. மாஸ்டர் வருகிறார் என்றால் அந்த வட்டாரத்தில் அழுத பிள்ளையும் வாய்மூடும். அப்பேர்ப்பட்ட மனுஷர், மகள் வயதுப் பெண்ணுக்கு முன்னால் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார் என்றால், உள்ளே என்னவோ குடைந்துகொண்டிருந்தது என்றுதானே அர்த்தம்?

குருவின் பெயர் உலகம்மை. எல்லோரும் அம்மை என்றுதான் கூப்பிடுவார்கள். மலையடிவாரத்தில் ஓடு வேய்ந்த ஒரு கட்டடம், ஒரு கிணறு, கிணற்றைச் சுற்றிக் காய்கறித் தோட்டம். மடம் என்பது அவ்வளவுதான்.

"சொல்லுங்க" என்றாள் அம்மை.

"எனக்கு ஒரே பையன், அம்மை. சொக்கலிங்கம்னு பேரு. போலீஸ்ல சப்-இன்ஸ்பெக்டர் ஆகணும்னு சின்ன வயசிலேருந்தே விடியறதுக்கு முன்னாடி எழுப்பி ஓட விட்டு வளர்த்தேன். செலக்‌ஷன் அன்னிக்கு மைதானத்துக்குப் போறேன்னு கிளம்பினவன், கோயம்புத்தூர் பஸ்ல ஏறிட்டான். இப்போ அங்கே ஒரு பேக்கரியில கேக் போடுறான். இனிமே என் முகத்துல முழிக்காதேன்னு சொன்னேன். ஏழெட்டு வருஷம் ஆச்சு. முழிக்கலை."

"சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளைதான்."

மாஸ்டருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் கேட்க வந்ததைக் கேட்டுவிட்டார்.

"நான் அவனை வளர்த்தது சரியா, தப்பா? அதை மட்டும் நீங்க சொல்லிட்டா போதும். வேற உபதேசம் எதுவும் எனக்கு வேண்டாம்."

அம்மை அவருடைய கைகளைப் பார்த்தாள்.

"மண்வெட்டி பிடிப்பீங்களா?"

அது ஆனி மாதம். மாஸ்டர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்கினார். மண்ணைக் கொத்திப் புரட்டினார், எருவைச் சுமந்து கொட்டினார், பாத்தி கட்டினார். பாத்திகளெல்லாம் அணிவகுப்பு மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டாற்போல நேராக இருந்தன. அம்மை சுற்றி வந்து பார்த்துவிட்டு, "தண்ணி எந்தப் பக்கம் ஓடும்னு பார்த்தீங்களா?" என்று கேட்டாள். பார்க்கவில்லை. மறுபடி கட்டினார்.

கத்திரி நாற்று நடும்போது அம்மை சொன்னாள்: "நெருக்கி நடாதீங்க மாஸ்டர். ஒண்ணை ஒண்ணு அமுக்கிடும்."

மாஸ்டர் கையிலிருந்த நாற்றோடு அப்படியே நின்றுவிட்டார். ஆகா, குரு ஆரம்பித்துவிட்டார் என்று அவருக்குப் புல்லரித்தது. அன்றைக்குச் சாயங்காலமே, சமையல்கார ஐயம்பெருமாள் பக்கத்தில் விரித்திருந்த தன் பாயைச் சுருட்டிக்கொண்டு போய், மாடில்லாமல் கிடந்த பழைய மாட்டுக்கொட்டகை ஓரமாகத் தனியே விரித்தார். ஆடிச் சாரல் விடுமா? ஒரு வாரம் தும்மித் தீர்த்தார்.

பிறகு கீரை விதைத்தார்கள். "விதையை ஆழமாப் புதைக்காதீங்க. மேலாகத் தூவி, மண்ணை லேசாத் தள்ளிவிட்டாப் போதும். ஆழத்துல கிடந்தா முளைக்காது" என்றாள் அம்மை. அவ்வளவுதான். தேங்காய் துருவிக்கொண்டிருந்த ஐயம்பெருமாளிடம் போய் உட்கார்ந்து, பத்து வயதில் தகப்பனாரிடம் வாங்கிய அடியிலிருந்து பதவி உயர்வு கிடைக்காமல் போனது வரைக்கும், மனசின் அடியில் கிடந்த அத்தனையையும் மாஸ்டர் மேலே எடுத்துப் போட்டார். அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி எழுந்து போன ஐயம்பெருமாள் திரும்பி வரவே இல்லை. அன்றைக்கு மடத்தில் பாலே வாங்கவில்லை என்பது மாஸ்டருக்குப் பிறகுதான் உறைத்தது.

ஆடியில் ஊன்றிய புடலை விதையை எலி தின்றுவிட்டது. அதற்கு என்ன உட்பொருள் என்று மாஸ்டர் இரண்டு நாள் யோசித்தார். ஒன்றும் பிடிபடவில்லை. ஆவணியில் மறுபடி ஊன்றினார்கள். இந்தத் தடவை முளைத்தது. புரட்டாசியில் கொடி பந்தலேறியது. ஐப்பசி மழையில் வாய்க்காலை வெட்டி வெட்டித் தண்ணீரை வடித்ததில் மாஸ்டரின் இடுப்பு கழன்றுபோனது. மழை விட்ட மறுநாள் பந்தலடியில் குனிந்து போனவர், இலைகளுக்கு நடுவே வரிவரியாக வெள்ளை ஓடிய பிஞ்சு ஒன்று தொங்குவதைப் பார்த்து, "ஏய்!" என்று சத்தம் போட்டுவிட்டார். சின்னப் பிள்ளை மாதிரி சந்தோஷமாக இருந்தது அவருக்கு.

கார்த்திகை பிறந்ததும் வீட்டிலிருந்து போன் வந்தது. அவர் மனைவி சண்முகவடிவு.

"சொக்கனுக்குத் தையில கல்யாணங்க. கூட வேலை பார்க்கிற பொண்ணு. ரெண்டு பேருமா வந்து என்னைப் பார்த்துட்டுப் போனாங்க."

மாஸ்டர் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"அப்பா வருவாராம்மான்னு கேட்டான். வருவார்னா நானே மடத்துக்கு நேர்ல போய்க் கூப்பிடுறேங்கிறான். நான் என்ன சொல்லட்டும்?"

"ரெண்டு நாள் பொறு" என்றார் மாஸ்டர்.

அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தான் வளர்த்தது சரி என்றால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போகலாம். வந்து கூப்பிட்டான், மன்னித்தேன் என்று நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளலாம். தப்பு என்றால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு மணவறைப் பக்கம் போய் நிற்பது? விடிந்ததும் அம்மையைத் தேடிப் போனார்.

அம்மை பந்தலடியில் கூழாங்கற்களையும் வாழைநாரையும் வைத்துக்கொண்டு நின்றாள். ஒரு சாண் நீளம் வந்த புடலம்பிஞ்சின் நுனியில் சின்னக் கல்லாகப் பார்த்துக் கட்டித் தொங்கவிட வேண்டும். அந்தப் பாரத்தில்தான் காய் சுருளாமல் நேராக இறங்கும்.

"அம்மை, என்னோட கேள்வி..."

"முதல்ல இதைக் கட்டுங்க. நான் இன்னைக்கு வெளியூர் போகணும்."

மாஸ்டர் கட்டினார். அவர் கட்டினால் எப்படி இருக்கும்? எல்லாப் பிஞ்சுக்கும் ஒரே அளவுக் கல், ஒரே நீள நார். வரிசை பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. கடைசியாகக் கட்டிய பிஞ்சு மட்டும் கொஞ்சம் இளசு. கையை எடுத்ததும் காம்போடு இற்றுக் கீழே விழுந்தது.

அம்மை அதைக் குனிந்து எடுத்தாள்.

"தாங்குமான்னு பார்க்காம கல்லைக் கட்டலாமா மாஸ்டர்? பாவம்ல?"

சொல்லிவிட்டு, பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

மாஸ்டரின் முகம் சுண்டிப்போனது. கிணற்றடியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். தீர்ப்பு வந்துவிட்டது, இதற்கு மேல் என்ன வேண்டும்? பொழுது புலராத இருட்டில், கண்ணைக்கூடத் திறக்க முடியாத பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போன நாட்களெல்லாம் வரிசையாக வந்தன. அழுகை வந்தது. துண்டால் முகத்தை அழுத்திக்கொண்டார்.

எழுந்து போய்ப் பந்தலில் இருந்த கற்கள் எல்லாவற்றையும் அவிழ்த்தார். ஒன்றுவிடாமல். அப்புறம் வீட்டுக்குப் போன் போட்டார்.

"தப்பு என்னோடதுதானாம் வடிவு. அம்மையே சொல்லிட்டாங்க. நான் கல்யாணத்துக்கு வரலை."

"அவன் அதையா கேட்டான்? வருவீங்களான்னுதானே கேட்டான்."

"எந்த முகத்தோட வர்றது? உடம்பு சரியில்லைன்னு சொல்லிடு."

சண்முகவடிவு போனை வைத்துவிட்டாள். அவள் அழுதிருப்பாள் என்று அவருக்குத் தெரிந்தது. தெரிந்து என்ன செய்வது என்று பாத்திக்குத் தண்ணீர் விடப் போனார்.

பத்து நாள் கழித்து அம்மை திரும்பி வந்தபோது ஐயம்பெருமாள் வாசலிலேயே பிடித்துக்கொண்டான்.

"திருக்கார்த்திகைப் பூசைக்குக் கூட்டு வைக்கணும்னு சொன்னீங்களே அம்மை, வந்து காயைப் பாருங்க. இதை எந்தப் பக்கம் பிடிச்சு அரியறது? எனக்கு மந்திரம் ஏதாச்சும் சொல்லிக் கொடுங்க."

புடலங்காய் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கோலத்தில் கிடந்தது. ஒன்று தன்னைத்தானே முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தது. ஒன்று பந்தல்காலைச் சுற்றி முறுக்கிக்கொண்டு வெடித்திருந்தது. இரண்டு மூன்று, இண்டு இடுக்கில் மாட்டி ஈரத்தில் அழுகி, புழு வைத்துவிட்டன.

"மாஸ்டர், கல்லை யார் அவிழ்த்தது?"

"நான்தான்."

"எதுக்கு?"

"நீங்க சொன்னீங்களே அம்மை. தாங்குமான்னு பார்க்காம கட்டலாமான்னு."

"ஆமா. அந்தப் பிஞ்சைச் சொன்னேன்."

"எனக்குப் புரிஞ்சுது அம்மை. நீங்க யாரைச் சொன்னீங்கன்னு."

அம்மை அவரை உற்றுப் பார்த்தாள். "யாரைச் சொன்னேன்?"

மாஸ்டர் எல்லாவற்றையும் சொன்னார். கல்யாணத்தைச் சொன்னார், வரவில்லை என்று போனில் சொன்னதைச் சொன்னார். பேச்சோடு பேச்சாகப் பாயைத் தூக்கிக்கொண்டு போய்ச் சாரலில் நனைந்ததையும், கீரை விதையையும்கூடச் சொன்னார். கீரை விதையைக் கேட்டதும் ஐயம்பெருமாள், "அடப்பாவி மனுஷா, அன்னைக்கு என்னைக் கொன்னது இதுக்குத்தானா!" என்று தலையில் அடித்துக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டான்.

அம்மை கிணற்றுக் கட்டையில் உட்கார்ந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தாள்.

"மாஸ்டர், கீரை விதைன்னா கீரை விதைதான்."

"அப்போ கத்திரி நாற்று?"

"கத்திரி நாற்றுதான்."

"அந்த எலி?"

"எலியையுமா விடலை நீங்க?"

மாஸ்டருக்குச் சுறுசுறுவென்று கோபம் ஏறியது. மைதானத்துக் குரல் வந்துவிட்டது அவருக்கு.

"அப்போ இத்தனை மாசமா நீங்க எனக்கு ஒண்ணுமே சொல்லலையா?"

"காய்கறி போடக் கத்துக்கொடுத்தேனே. கத்திரி நல்லாத்தானே வந்திருக்கு."

"என் கேள்விக்குப் பதில்?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க குரு!"

"சொக்கனை நான் பார்த்ததுகூட இல்லையே, மாஸ்டர்."

அம்மை எழுந்து பந்தலுக்குள் போனாள். கெட்டுப்போன காய்களைக் கிள்ளிப் போட்டாள். புதிதாக இறங்கியிருந்த பிஞ்சு ஒன்றைத் தேடிப் பிடித்து, கல்லை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். அதைப் போட்டுவிட்டு இன்னும் சின்னதாக ஒன்றை எடுத்தாள்.

கோபம் போகவில்லை என்றாலும் மாஸ்டருக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"இது எவ்வளவு தாங்கும்னு உங்களுக்கு எப்படித் தெரியுது?"

"தெரியாது. கட்டிவிட்டுட்டு, சாயங்காலம் வந்து பார்ப்பேன். காம்பு வெளுத்திருந்தா சின்னதா மாத்துவேன். காலையில மறுபடி வந்து பார்ப்பேன். வேற என்ன செய்ய? இதுக்கு வாய் இல்லையே. வலிக்குதுன்னு சொல்லாது. நாமதான் பார்த்துப் பார்த்து யூகிக்கணும்."

அவள் நாரை முடிச்சுப் போட்டு, மிச்சத்தைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"சொக்கனுக்கு வாய் இருக்குல்ல?"

பந்தலுக்கு வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அவரையில் பூ வைக்க ஆரம்பித்திருந்தது. வேலியோரம் ஐயம்பெருமாளின் கோழி ஒன்று கிளறிக்கொண்டிருந்தது, அதை விரட்டக்கூட மாஸ்டருக்குத் தோன்றவில்லை. ஊரில் யாரிடமெல்லாம் இந்தக் கேள்வியைக் கேட்டார்! தலைமையாசிரியரிடம் கேட்டார், மச்சினனிடம் கேட்டார், ஜோசியரிடம் கேட்டார், கடைசியில் மகள் வயதுக் குருவிடம் வந்து கேட்டார். எல்லோரையும் கேட்டாயிற்று.

"அவன்கிட்டயே கேக்கச் சொல்றீங்களா?"

அம்மை அடுத்த பிஞ்சைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"எனக்குப் பயமா இருக்கு அம்மை" என்றார் மாஸ்டர். அவர் அப்படிச் சொன்னதை அதுவரை யாரும் கேட்டதில்லை, சண்முகவடிவுகூட. "அவன் தப்புன்னு சொல்லிட்டான்னா?"

"சொல்லட்டுமே மாஸ்டர். அதை அவன் வேற யார்கிட்ட போய்ச் சொல்லுவான்?"