நீர்க்காகம் மாற்றிச் சொன்ன காற்று

கடலுக்குள் நீண்டு கிடந்த ஒரு பவளப் பாரின் நுனியில் நீர்க்காகம் ஒன்று இறக்கைகளை விரித்து உட்கார்ந்திருந்தது. பார் என்றால் தண்ணீருக்கு அடியில் கிடக்கும் பாறைத் திட்டு. நுனியில் ஒரு பாறை மட்டும் எப்போதும் தலையை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதுதான் நீர்க்காகத்தின் வீடு. தண்ணீர் ஏறிய நேரத்தில் அந்தப் பாரின்மேல் அலை மடியும் அழகைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். தண்ணீர் வற்றிய நேரத்தில் அதன்மேல் விழுந்தால் உடம்பில் தோல் மிஞ்சாது.

நீர்க்காகத்தின் இறகு மற்றப் பறவைகளின் இறகு போலத் தண்ணீரை உதறாது. நனைந்தால் நனைந்ததுதான். ஒவ்வொரு முறை மீன் பிடித்த பிறகும் அது இறக்கையை விரித்துக் காயவைத்தே ஆக வேண்டும். இப்படி நாளெல்லாம் காற்றில் உட்கார்ந்து உட்கார்ந்தே அதற்குக் காற்றின் போக்கு அத்துபடியாகிவிட்டது. அலைக்கும் அலைக்கும் நடுவே இருக்கும் இடைவெளியைப் பார்த்து, அந்த அலை பக்கத்தில் எழுந்ததா, தூரத்திலிருந்து வருகிறதா என்றும் சொல்லிவிடும். அது சொன்னது தப்பியதே இல்லை.

ஆகவே மாலையானால் பாறையைச் சுற்றிக் கூட்டம் கூடிவிடும்.

"அக்கா, நாளைக்குக் கரையில மணல் காயுமா?" என்று நண்டு கேட்கும்.

"அக்கா, தண்ணி தெளிவா இருக்குமா, கலங்கலா இருக்குமா?" என்று கொக்கு கேட்கும்.

நீர்க்காகம் பதில் சொல்லும். பதில் பிடித்திருந்தால் கேட்டவர்கள் பேசாமல் போய்விடுவார்கள். ஒரு நன்றிகூடக் கிடையாது. பிடிக்கவில்லை என்றால் வந்தது வினை. "இன்னும் கொஞ்சம் நல்லா யோசிச்சுச் சொல்லுங்க அக்கா!" என்பார்கள். காற்றை என்னவோ நீர்க்காகமே மூட்டை கட்டி வைத்துக்கொண்டு அவிழ்த்துவிடுவது போல!

இந்தத் தொல்லை கொடுப்பவர்களுக்கெல்லாம் தலைவன் வாளை என்ற நீர்நாய். நீர்நாய்கள் தங்களுக்குப் பிடித்த மீனின் பெயரைத்தான் பிள்ளைகளுக்கு வைக்கும். அதனால் பெயரைக் கேட்டுக் குழம்ப வேண்டாம். வாளை நல்ல பிள்ளைதான். அலையில் ஏறிச் சறுக்குவதில் அதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் 'முடியாது' என்ற சொல் மட்டும் அதன் காதில் ஏறவே ஏறாது.

ஒரு நாள் காலை. அடுத்த நாள் விடிந்தால் வாளைக்குக் கல்யாணம். ஆற்றங்கரையிலிருந்து பெண் வீட்டார் வந்து இறங்கியாகிவிட்டது. பெண்ணின் பெயர் அயிரை. அவளுடைய அப்பாவின் பெயர் விரால். கடற்கரை நீர்நாய்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மாப்பிள்ளை வாயில் ஒரு மீனைக் கவ்விக்கொண்டு, பாரின்மேல் மடியும் அலையில் ஏறி, கரைவரை சறுக்கி வர வேண்டும். அந்த மீனைப் பெண் வீட்டார் முன்னால் வைக்க வேண்டும். அப்போதுதான் கல்யாணம் முடிந்தது என்று ஒப்புக்கொள்வார்கள்.

வாளை பாறைமேல் ஏறி வந்து கேட்டது. "அக்கா! நாளைக்குக் காலையில அலை எப்படி? காத்து எப்படி?"

நீர்க்காகம் கடலைப் பார்த்தது. "அலைக்கும் அலைக்கும் நடுவுல இடைவெளி நீண்டுபோச்சு, தம்பி. தூரத்துல எங்கயோ கடல் கொந்தளிச்சிருக்கு. அங்க கிளம்புன பெரிய அலையெல்லாம் நாளைக்குக் காலையில இங்க வந்து சேரும். விடிஞ்சதுமே கடல்காத்து எழும்பி அலையை உருக்குலைச்சிடும். அந்த நேரம் பார்த்துத் தண்ணியும் வத்தியிருக்கும். பார் பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கும். இறங்கிடாதே!"

"அப்போ நான் என்ன செய்யறது?"

"நாளை மறுநாள் மத்தியானம் வரைக்கும் பொறு. காத்து விழுந்துடும். தண்ணி ஏறியிருக்கும். அலை ஒண்ணு போல ஒண்ணு மடியும். உன் கல்யாணத்துக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும்!"

வாளை தலையைச் சொறிந்தது. "ஆனா முகூர்த்தம் நாளைக்குக் காலையிலதானே?"

"முகூர்த்தம் குறிச்சது நீங்க. அலையைக் கேட்டா குறிச்சீங்க?" என்றது நீர்க்காகம்.

வாளை முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனது. போன வேகத்திலேயே திரும்பி வந்தது. கூடவே நண்டையும் சிபாரிசுக்கு அழைத்து வந்திருந்தது.

"நம்ம பையன்தான் அக்கா. கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க!" என்றது நண்டு.

"காத்துக்கு நம்ம பையன், அடுத்த வீட்டுப் பையன்னு தெரியுமா?" என்று கேட்டது நீர்க்காகம். "நாளைக்குக் காலையில ஆகாது!"

நண்டு பக்கவாட்டில் நழுவியது. வாளை தண்ணீரில் குதித்து ஒரு கொழுத்த மீனோடு வந்தது. அதை நீர்க்காகத்தின் காலடியில் வைத்தது.

"சும்மா சாப்பிடுங்க அக்கா. சாப்பிட்டுக்கிட்டே இன்னொரு தடவை கடலைப் பாருங்க."

"மீனை வைச்சா காத்து திசை மாறுமா? எடுத்துக்கிட்டுப் போ!"

போனது. மறுபடி வந்தது.

"காத்து கொஞ்சமா அடிக்குமா, ரொம்ப அடிக்குமா?"

"ரொம்ப அடிக்கும்."

"ரொம்பன்னா, ரொம்ப ரொம்பவா?"

நீர்க்காகம் கண்ணை மூடிக்கொண்டது. கேட்கிற நமக்கே பற்றிக்கொண்டு வருகிறது. அதற்கு எப்படி இருந்திருக்கும்!

கேள்விகூடப் பரவாயில்லை. தண்ணீரிலிருந்து ஏறியதும் உடம்பை உதறுவது நீர்நாய்களின் பழக்கம். வாளை ஒவ்வொரு முறை பாறைமேல் ஏறும்போதும் ஒரு உதறு உதறும். அத்தனை தண்ணீரும் நீர்க்காகத்தின் இறக்கைமேல் விழும். பாதி காய்ந்திருக்கும் இறக்கை மறுபடி நனையும். நீர்க்காகம் மறுபடி முதலிலிருந்து காயவைக்கும். வாளை மறுபடி வரும். உதறும். கேட்கும்.

பொழுது சாய்ந்துவிட்டது. வெயில் போய்விட்டது. இறக்கை ஈரத்தில் நீர்க்காகத்துக்குக் குளிர் எடுத்தது. காலையிலிருந்து வாயில் ஒரு மீன்கூடப் போடவில்லை. அப்போது பாறைக்குக் கீழே 'தளக்' என்று சத்தம். வாளை ஏறியது. உதறியது.

"அக்கா, கோபப்படாதீங்க. ஒரே ஒரு கேள்விதான். நாளைக்குக் காலையில..."

"நல்லா இருக்கும்!" என்று கத்தியது நீர்க்காகம். "காத்தே கிடையாது! தண்ணி ததும்பும்! அலை உன்னைத் தாலாட்டிக் கொண்டுபோய்க் கரையில விடும்! போதுமா? போ! என்னைக் கொஞ்சம் தூங்க விடு!"

வாளை பாறைமேல் ஒரு குதி குதித்தது. "இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே அக்கா! எவ்வளவு நேரம் வீணாப்போச்சு!"

கேட்டீர்களா? நேரம் வீணாகிவிட்டதாம்!

வாளை கரைக்கு ஓடியது. வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னது. "நீர்க்காகம் அக்காவே சொல்லிட்டாங்க! நாளைக்குக் காலையில அலை அருமையா இருக்குமாம்!"

நீர்க்காகம் ஈர இறக்கையை மடித்துக்கொண்டது. மனம் கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. ஆனால் அது தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டது. 'இத்தனை தடவை உண்மையைத்தானே சொன்னேன்! காலையில் கடலைப் பார்த்தால் அவனுக்கே தெரிந்துவிடும். அப்படியே அடிபட்டாலும் புத்தி வரட்டும்.' பிறகு அலகை முதுகுக்குள் செருகிக்கொண்டு தூங்கிவிட்டது.

விடிந்தது. நீர்க்காகம் முதலில் சொன்னது அத்தனையும் நடந்தது. கடல்காற்று ஊளையிட்டது. தண்ணீர் வற்றிப் பாரின் முதுகு அங்கங்கே வெளியே தெரிந்தது. தூரத்திலிருந்து வந்த அலைகள் அதன்மேல் இடிந்து விழுந்தன.

வாளை மீனைக் கவ்விக்கொண்டு கரையில் வந்து நின்றது. அதற்குக் கடல் தெரியும். இது இறங்கும் நேரம் இல்லை என்று பார்த்த உடனே புரிந்துவிட்டது. ஆனால் பெண் வீட்டார் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். ஊரே நின்றுகொண்டிருந்தது. 'இப்போது வேண்டாம் என்றால் பயந்தாங்கொள்ளி என்பார்களே!' என்று நினைத்தது. வாயில் வேறு மீன் இருந்தது. அதைத் துப்பிவிட்டு உண்மையைச் சொல்லியிருக்கலாம். துப்பவில்லை!

அப்போது விரால் மகளைப் பார்த்துச் சொன்னது. "நாம ஆத்துக்காரங்க. கடல் நமக்குத் தெரியாது. ஆனா நீர்க்காகம் சொன்னா தப்பாதுன்னு எல்லாரும் சொல்றாங்க. அதனால பொண்ணும் மாப்பிள்ளையும் சேர்ந்து நீந்துற நம்ம ஊர் வழக்கத்தையும் விட வேண்டாம். நீயும் மாப்பிள்ளைகூட இறங்கி நீந்தி வாம்மா!"

அயிரை சிரித்துக்கொண்டே தண்ணீரில் இறங்கினாள்.

பாறைமேல் நீர்க்காகம் கண் விழித்துப் பார்த்தது. அலைகளுக்கு நடுவே வாளையின் தலை தெரிந்தது. 'வந்துவிட்டானா முட்டாள்!' என்று நினைத்தது. அதன் பக்கத்தில் இன்னொரு சின்னத் தலை தெரிந்தது. நீர்க்காகம் துள்ளி எழுந்தது. ஈர இறக்கையை அடித்துக்கொண்டு எழும்பிப் பறந்தது.

"திரும்புங்க! திரும்புங்க! நேத்து நான் கோபத்துல மாத்திச் சொல்லிட்டேன்! அலை ஆகாது!"

அயிரை நிமிர்ந்து பார்த்தாள். "நேத்து நல்லா இருக்கும்னீங்களாமே! இப்ப ஆகாதுங்கிறீங்க! நான் எதை நம்புறது?"

பதில் சொல்ல நேரம் இல்லை. பின்னால் ஒரு அலை எழுந்தது. அதன் அடியில் தண்ணீரே இல்லை. பார்தான் இருந்தது. அலை இருவரையும் தூக்கிப் பாரின்மேல் அறைந்தது.

வாளையின் தாடை கிழிந்தது. இப்போதுதான் அது மீனை விட்டது. அயிரையின் வலது முன்னங்கால் பவளப் பொந்தில் மாட்டிக்கொண்டது. அடுத்த அலை வருவதற்குள் வாளை அவளைப் பிடித்து இழுத்தது. கால் வெளியே வந்தது. விரல்களுக்கு நடுவே இருந்த சவ்வு கிழிந்து பவளத்திலேயே தங்கிவிட்டது.

"இந்தப் பக்கம்! பாருக்கு நடுவுல ஆழமான வழி இருக்கு! என் பின்னாலயே வாங்க!" என்று நீர்க்காகம் தாழப் பறந்து வழி காட்டியது. இருவரும் எப்படியோ கரை சேர்ந்தார்கள்.

அயிரை மணலில் உட்கார்ந்து காலை நக்கிக்கொண்டிருந்தாள். அந்தச் சவ்வு இனி முளைக்காது. இனி அவள் பழைய வேகத்தில் நீந்தி மீனைத் துரத்த முடியாது. நீர்க்காகம் கொஞ்சம் தள்ளி வந்து இறங்கியது. அதற்குக் கிட்டே போக வெட்கமாக இருந்தது.

"எத்தனை தடவை உண்மையைச் சொன்னேன்மா! அவன் என்னை விடவே இல்லை. திரும்பத் திரும்பக் கேட்டான். அலுத்துப்போய்தான் மாத்திச் சொன்னேன்."

அயிரை தலை தூக்கினாள். "அவர் கேட்டார், சரி. நான் உங்களை ஒரு தடவைகூடக் கேட்கலையே! நீங்க சொன்ன உண்மையெல்லாம் அவரோடயே நின்னுபோச்சு. எனக்கு வந்து சேர்ந்தது அந்தக் கடைசிப் பதில் மட்டும்தான்!"

நீர்க்காகம் இன்னும் இரண்டு அடி தள்ளிப் போய் உட்கார்ந்தது.

விரால் வாளையின் பக்கம் திரும்பியது. "கடல் எப்போ நல்லா இருக்கும்னு முதல்ல சொன்னாங்க?"

"நாளைக்கு மத்தியானம்," என்று வாளை முனகியது.

"நாளைக்கா! ஒரே ஒரு நாளா!" விராலுக்கு மீசை துடித்தது. "அடப்பாவி! அவங்களைப் போய் அத்தனை தடவை கேட்டியே! 'மாமா, ஒரு நாள் தள்ளி வைக்கலாமா'ன்னு என்னை ஒரு தடவை கேட்டியா? வேண்டாம்னா சொல்லியிருப்பேன்? இங்க மீன் என்ன கசக்குதா எங்களுக்கு?"



அன்று மாலையே பெண் வீட்டார் ஆற்றை நோக்கிக் கிளம்பினார்கள். அயிரை முன்னால் போனாள், ஒரு காலை நொண்டிக்கொண்டு. வாளை எல்லாருக்கும் பின்னால் நடந்தது. யாரும் அதை வா என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. அவளுக்கு வேண்டிய மீனை இனி யாராவது பிடித்துக் கொடுக்க வேண்டுமே!

மறுநாள் மத்தியானம் காற்று விழுந்தது. தண்ணீர் ஏறியது. அலைகள் ஒன்று போல ஒன்று எழுந்து, பாரின்மேல் அழகாக மடிந்து கரைவரை வந்தன. அவற்றில் ஏற ஒருவரும் இல்லை.

அன்று மாலை நண்டு பாறைக்கு வந்தது. "அக்கா, நாளைக்கு மணல் காயுமா?"

"காயாது. மழை வரும்."

"கொஞ்சம் நல்லா யோசிச்சுச் சொல்லுங்க அக்கா!"

நீர்க்காகத்துக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அது ஆற்றுப் பக்கம் ஒரு முறை பார்த்தது. பிறகு சொன்னது, "காயாது. மழை வரும்."

நண்டு இருட்டும் வரை கேட்டுக்கொண்டே இருந்தது. நீர்க்காகமும் இருட்டும் வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தது.

தொல்லை தாங்காமல் நாம் மாற்றிச் சொல்லும் பதில், தொல்லை கொடுத்தவனோடு நிற்காமல் ஒரு பாவமும் அறியாதவர்களையும் போய்ச் சேரும் என்பதால், எத்தனை முறை கேட்டாலும் உண்மையை மாற்றிச் சொல்லக் கூடாது.