ஓணான் குரல் இழந்த சண்டை

அந்தக் காலத்தில் ஓணானுக்குக் குரல் இருந்தது. லேசுப்பட்ட குரல் இல்லை. தேரிக்காட்டின் தென்கோடியில் நின்று அது கத்தினால் வடகோடியில் கிடக்கும் ஆமை ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொள்ளும். கழுத்தும் அப்போது சிவப்பாக இல்லை, காய்ந்த சருகின் நிறம்தான். தலை ஆடாமல் நேராக நின்றது. இத்தனையையும் அது ஒரு மல்லுக்கட்டு பார்க்கப் போய்த் தொலைத்தது.

செம்மணல் மேடும் பனையும் முள் அடர்ந்த உடைமரமுமாகக் கிடந்த அந்தக் காட்டில் எல்லா உயிர்களும் பேசின. எல்லாவற்றுக்கும் பிடித்திருந்த பைத்தியம் ஒன்றே ஒன்றுதான். அமாவாசைக்கு மறுநாள் வெயில் தாழ்ந்ததும் பெரிய உடைமரத்தடியில் மல்லுக்கட்டு நடக்கும். மணலை வட்டமாகக் கொத்தி இளக்கி, சுற்றிலும் முளைக்குச்சி நட்டு, பனைநார்க் கயிறு கட்டியிருப்பார்கள். நடுவர் ஆமை. ஆமையை யார் நடுவராகப் போட்டார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். மூன்று எண்ணுவதற்குள் முயலுக்குத் தூக்கம் வந்துவிடும்.

ஓணானுக்கு முன்வரிசை முளைக்குச்சிதான் இடம். வேறு யாராவது அதில் உட்கார்ந்தால் சண்டை அங்கேயே தொடங்கிவிடும். எல்லா மல்லர்களைப் பற்றியும் அதற்கு ஒரு கருத்து உண்டு. கௌதாரிச் சண்டை வெறும் நடைதான், நெஞ்சை நிமிர்த்தி நாலு சுற்று வருவதற்குள் பாதிப் பொழுது போய்விடும் என்று சொல்லும். முயல்களின் ஜோடிச் சண்டையில் யார் யாரை உதைக்கிறார்கள் என்று முயல்களுக்கே தெரியாதாம். அணில் நன்றாகத் தாவுகிறது, ஆனால் எதிராளியைப் பார்த்துச் சுருக்கென்று நாலு வார்த்தை பேசத் தெரியாதவன் என்ன மல்லன்? யாரும் கேட்காவிட்டாலும் ஓணான் இதையெல்லாம் சொல்லும்.

அது கொண்டாடிய மல்லர் ஒருவர்தான், அழுங்கு என்கிற எறும்புதின்னி. உடம்பெல்லாம் ஓடு ஓடாகச் செதில். வட்டத்துக்குள் அவர் பெயர் செதில்மலை. அடி மேல் அடி வாங்கி மணலில் விழுந்து கிடப்பார். ஆமை 'ஒன்று... இரண்டு...' என்று இழுக்கும்போது அவருடைய வால் மட்டும் மெல்ல எழும். அவ்வளவுதான், காடே எழுந்து நிற்கும். பிறகு பந்தாகச் சுருண்டு உருண்டு எதிராளியைச் சாய்ப்பார். நூறு தடவை பார்த்திருந்தும் ஓணானுக்கு ஒவ்வொரு தடவையும் கண் கலங்கும்.

எதிரி உடும்பு. வட்டத்தில் அவர் பெயர் பிடிவிடான். ஆமை அந்தப் பக்கம் திரும்பினால் போதும், மணலை அள்ளி அழுங்கின் கண்ணில் போட்டு, வாலால் நாலு சாத்து சாத்தி, ஒன்றும் அறியாதவர் போல வானத்தைப் பார்த்து நிற்பார். ஆமை திரும்பி முடிப்பதற்கு அத்தனை நேரம் ஆகும். ஓணானுக்கு ரத்தம் கொதிக்கும். "மண்ணள்ளிப் போடுதான்! ஆமை அண்ணாச்சி, மண்ணள்ளிப் போடுதான்!" என்று கத்திக் கத்தி மாய்ந்து போகும்.

எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த ஏழு தவிட்டுக்குருவிகள் உடும்பின் ஆட்கள். வேண்டுமென்றே உடும்பின் ஆட்கள். ஊரே ஒரு பக்கம் கத்தினால் மறுபக்கம் கத்துவதில் அவர்களுக்கு ஒரு ருசி.

"எப்பப் பாத்தாலும் அதே உருளல். உங்க அண்ணாச்சிக்கு வேற ஒண்ணும் தெரியாதா கொழுந்தனாரே?" என்பாள் மூத்த குருவி.

"மைனி, வித்தை தெரிஞ்சவங்களுக்குத்தான் வித்தை புரியும். நீங்க போய் குப்பையக் கிளறுங்க" என்று ஓணான் திருப்பிக் கொடுக்கும்.

இப்படி வாய்ச்சண்டை போடாமல் ஒரு நாளும் போனதில்லை. ஆனால் ஒருவர் வராவிட்டால் மற்றவருக்குக் காட்சி ருசிக்காது. ரசிகர்கள் என்றால் அப்படித்தானே.

ஒரு முறை சண்டை மிகக் கடுமையாக நடந்தது. உடும்பு கொடுத்த கடைசி அடியில் அழுங்கின் செதில் ஒன்று பெயர்ந்து மணலில் விழுந்தது. காட்சி முடிந்ததும் ஓணானுக்குப் பொறுக்கவில்லை. கறையான் புற்றில் ஒரு துண்டைப் பெயர்த்து வாயில் கவ்விக்கொண்டு, அண்ணாச்சியைப் பார்த்து ஆறுதல் சொல்லி வரலாம் என்று கள்ளிப்புதருக்குப் பின்னால் போனது.

அங்கே அழுங்கு மல்லாந்து படுத்திருந்தது. பக்கத்தில் உடும்பு குனிந்து உட்கார்ந்து, செதிலுக்கு அடியில் ஏறியிருந்த உடைமுள்ளை நகத்தால் பதமாக எடுத்துக்கொண்டிருந்தது.

"வலிக்கா மச்சான்?"

"வலிக்காம இருக்குமா மாப்ள? இன்னைக்கு வால் கொஞ்சம் பலமாத்தான் விழுந்துச்சு."

"நீரு பதிலுக்கு ஒரு தட்டு தட்டுனீரேன்னுதானே மேக்கொண்டு அடிச்சேன்? அடுத்த தடவை வலிச்சா தட்டாதீரும். ஆமா, கறையான் எடுத்து வச்சிருக்கேன், சாப்பிட்டுட்டுப் படும்."

ஓணானின் வாய் திறந்தது திறந்தபடி நின்றது. புற்றுத்துண்டு கீழே விழுந்து உடைந்தது. இரண்டு கண்களும் பிதுங்கி வெளியே வந்தன. ஒரு கண் உடும்பைப் பார்த்தது, மறு கண் அழுங்கைப் பார்த்தது. எந்தக் கண்ணை நம்புவது என்று அதற்குத் தெரியவில்லை. அந்தக் கண்கள் பிறகு முழுதாக உள்ளே போகவே இல்லை, இன்றைக்கும் பார்க்கலாம்.

"ரெண்டு பேரும்... ஒண்ணாவே? நான் இத்தனை வருசம் தொண்டைத் தண்ணி வத்தக் கத்துனது எதுக்கு?"

அழுங்கு எழுந்து உட்கார்ந்தது. மறைக்கப் பார்க்கவில்லை.

"தம்பி, உக்காரும். இவரு எனக்கு மைத்துனன் முறை. எங்க சண்டையில ஒரு கணக்கு உண்டு. அடிக்க முந்தி இவரு வாலால தரையை ரெண்டு தட்டு தட்டுவாரு. 'நல்லா இருக்கீரா'ன்னு அர்த்தம். நான் ஒரு தட்டு தட்டுனா 'இருக்கேன், அடியும்'னு அர்த்தம். நான் தட்டலைன்னா இவரு கையை எடுத்துருவாரு. என் உசிரு இவரு கையில, இவரு உசிரு என் கையில. அப்படித்தான் ஆடுதோம்."

"அப்போ எல்லாம் பொய்யி?"

"பகைதான் பொய்யி. விழுறது பொய்யில்ல, வலி பொய்யில்ல. இந்தச் செதில் பேந்தது பொய்யா?"

உடும்பு கையெடுத்துக் கும்பிட்டது. வட்டத்துக்குள் அத்தனை கொடுமை செய்கிற பிடிவிடான் கும்பிட்டதைப் பார்த்து ஓணானுக்கு இன்னும் தூக்கிவாரிப் போட்டது.

"வெளிய சொல்லிராதீரும். வேடிக்கைன்னு ஆயிட்டா, நெசமா அடிபட்டு விழுற அன்னைக்கு ஒருத்தரும் தூக்க வரமாட்டாக."

"சொல்ல மாட்டேன். என் குரல் மேல சத்தியம்" என்றது ஓணான்.

மனதாரத்தான் சொன்னது. அதில் கபடம் ஒன்றும் இல்லை. ஆனால் தனக்கு மட்டும் தெரிந்த ஒன்றை வைத்துக்கொண்டு சும்மா இருப்பது, ஒரு மல்லுக்கட்டு ரசிகனால் ஆகிற காரியமா?

பத்து நாள் தாக்குப்பிடித்தது. பதினோராம் நாள் வேலிப்பக்கம் தவிட்டுக்குருவிகள் கூடிப் பேசிக்கொண்டிருந்தன. "கொழுந்தனாருக்குக் கத்த மட்டும்தான் தெரியும். சண்டையோட நெளிவுசுளிவு ஒண்ணும் தெரியாது" என்றாள் மூத்தவள். மற்ற ஆறு பேரும் சிரித்தார்கள்.

"எனக்கா தெரியாது?" என்றது ஓணான். வாய் அதன் பேச்சைக் கேட்கவில்லை. "ரெண்டு தட்டு யாரு தட்டுவா, ஒரு தட்டு யாரு தட்டுவான்னு உங்களுக்குத் தெரியுமா மைனி?"

பிறகு எல்லாவற்றையும் கொட்டிவிட்டது. கள்ளிப்புதர், முள், கறையான், மச்சான் மாப்ள உறவு, வால் தட்டு, ஒன்றும் பாக்கியில்லை. குருவிகள் வாயடைத்துப் போனதைப் பார்த்து அதற்கு ஒரு நிமிடம் நெஞ்சு நிமிர்ந்தது. மறுநிமிடமே வாயைப் பொத்திக்கொண்டது. ஏழு வாய்க்கும் விஷயம் போனபின் காட்டில் யாருக்குத் தெரியாமல் இருக்கும்?

அடுத்த காட்சிக்குக் காடே வந்திருந்தது. ஆனால் யார் முகத்திலும் பழைய ஆவல் இல்லை. உடும்பு வாலைத் தூக்கியதும் கூட்டம் சேர்ந்து எண்ணியது: "ஒண்ணு! ரெண்டு!" அழுங்கு பதில் தட்டியதும் "அடியும் மாப்ள!" என்று ஒரு கூச்சல். காட்டுப்பன்றிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தன. அழுங்கு விழுந்தபோது யாரும் பதறவில்லை. வால் எழுந்தபோது யாரும் எழுந்து நிற்கவில்லை. ஓணான் தன் முளைக்குச்சியில் தலையைக் குனிந்துகொண்டது.

அழுங்கு கூட்டத்தை ஒரு முறை சுற்றிப் பார்த்தது. அந்தப் பார்வை முன்வரிசையில் ஒரு கணம் நின்றது. பிறகு அது யாரும் எதிர்பாராத ஒன்றைச் செய்தது. விறுவிறுவென்று உடைமரத்தில் ஏறியது.

"மச்சான், வேண்டாம்!" என்று உடும்பு பல்லைக் கடித்தபடி சொன்னது ஓணானுக்குக் கேட்டது.

அழுங்கு உச்சாணிக் கிளைக்குப் போய் நின்றது. இத்தனை உயரத்திலிருந்து யாரும் அதற்கு முன் குதித்ததில்லை. இதற்காவது கைதட்டுவார்கள் என்று நினைத்திருக்கும் போல. பாவம். கிளை படாரென்று முறிந்தது. அழுங்கு மணலில் விழ, முறிந்த கிளை அதன் மேல் விழுந்து அமுக்கியது.

கூட்டம் "ஆகா!" என்றது.

உடும்பு ஓடிவந்து வாலால் இரண்டு தட்டு தட்டியது. பதில் இல்லை. மறுபடி இரண்டு தட்டு. பதில் இல்லை.

"பதில் தட்ட மறந்துட்டாரு!" என்று ஒரு முயல் கத்த, எல்லாரும் சிரித்தார்கள்.

உடும்பு கிளையைப் பிடித்து இழுத்தது. அசையவில்லை. "யாராவது வாங்களேன்! ஓடி வாங்க! பத்துப் பேரு சேந்து தூக்குனாத்தான் ஆகும்! மச்சானுக்கு மூச்சு முட்டுது!" என்று அழுதது.

"இன்னைக்கு அழுகை நல்லா இருக்கு" என்றது ஒரு பன்றி. பக்கத்துப் பன்றி கைதட்டியது.

ஓணான் குனிந்த தலையை வெடுக்கென்று நிமிர்த்தியது. தட்டு இல்லை என்றால் என்ன அர்த்தம் என்று அதற்குத் தெரியும். காட்டில் எல்லாருக்குமே இப்போது தெரியும், அதுவே சொல்லிக் கொடுத்ததுதான். தெரிந்தும் சிரிக்கிறார்களே என்று அது திகைத்துப் போனது. கயிற்றின் மேல் ஓடியது.

"நெசம்! இது நெசம்வே! பன்னியண்ணே, எந்திரிங்க! கிளையைத் தூக்குங்க!"

"உக்காருங்க கொழுந்தனாரே" என்றாள் மூத்த குருவி. "தட்டு வித்தை நமக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அதையும் மாத்திட்டாக. நீங்கதானே நடிப்புன்னு சொன்னீக?"

"அன்னைக்குச் சொன்னது வேற, இது வேற! நெசம் மைனி, நெசம்!"

"இவரும் அவங்களோட சேந்துட்டாரு பாருங்க" என்று பின்வரிசையில் யாரோ சொல்ல, மீண்டும் சிரிப்பு.

ஓணான் வட்டத்தைச் சுற்றிச் சுற்றி ஓடியது. ஒவ்வொருவர் முன்னாலும் நின்று "நெசம்" என்றது. தென்கோடியிலிருந்து வடகோடிக்குக் கேட்கிற அந்தக் குரலை முழுக்க எடுத்துக் கத்தியது. தொண்டை கிழிந்து கழுத்தெல்லாம் ரத்தம் கட்டிச் சிவந்தது. கடைசியாக ஒரு முறை வாயைத் திறந்தது. காற்று மட்டும் வந்தது. எதன் மேல் சத்தியம் செய்ததோ அது போய்விட்டது.

குரல் போனபின் அதற்கு மிஞ்சியது தலை ஒன்றுதான். மூத்த குருவியின் எதிரில் நின்று, மேலும் கீழுமாகத் தலையை ஆட்டியது. ஆமாம், ஆமாம், ஆமாம். கண்ணீர் வழிய வழிய ஆட்டியது. குருவியின் சிரிப்பு அப்போதுதான் நின்றது. கொழுந்தனார் வாய் மூடி அவள் பார்த்ததே இல்லை.

"ஏ, எந்திரிங்கட்டி!" என்று அவள் அலறினாள். "இது நெசந்தான் போல!"

அதன் பிறகுதான் பன்றிகள் எழுந்தன. அவர்கள் வந்து சேரும்வரை உடும்பு கிளையில் நகத்தைப் பதித்துத் தூக்கிப் பிடித்தபடியே நின்றது. கிளை விலகியதும் அழுங்குக்கு மூச்சு திரும்பியது. உயிர் பிழைத்தது. ஆனால் அது கண் திறந்ததும் முதலில் கேட்டது கூட்டத்தின் இரைச்சலை. அப்படியே பந்தாகச் சுருண்டுகொண்டது. உடும்பு இரண்டு தட்டு தட்டியது. பதில் தட்டு வந்தது. ஆனால் செதில் விரியவில்லை.

ஒரு வாரம் கழித்து ஓணான் அழுங்கின் வளைக்குப் போனது. வாயில் கறையான் புற்றுத்துண்டு. வாசலில் அதை வைத்துவிட்டு, மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தது. காற்று.

உள்ளே சுருண்டு கிடந்த அழுங்கு காலடிச் சத்தம் கேட்டு, "யாரு, தம்பியா?" என்றது.

ஓணான் தலையாட்டியது.

"எனக்காகத் தொண்டை கிழியக் கத்துனீராமே. மாப்ள சொன்னாரு. நெசமா?"

ஓணான் இன்னும் வேகமாகத் தலையாட்டியது. முகத்தை வயிற்றுக்குள் புதைத்துக் கிடப்பவருக்கு அது எப்படித் தெரியும்? அழுங்கு சற்று நேரம் காத்திருந்தது.

"பதில் இல்லையே. அப்போ அதுவும் வேடிக்கைதான்" என்று முனகிவிட்டு, இன்னும் இறுக்கிச் சுருண்டது.

ஓணான் பொழுது சாயும்வரை அந்த வாசலிலேயே தலையாட்டிக்கொண்டு நின்றது. மல்லுக்கட்டும் அத்தோடு நின்றுபோனது. தவிட்டுக்குருவிகள் மட்டும் ஏழு ஏழாகக் கூடி, அன்றைக்கு முதலில் சிரித்தது யார் என்று இன்னும் சண்டை போடுகின்றன.

வேலியில் உட்கார்ந்து நம்மைப் பார்த்துத் தலையாட்டும் ஓணானை, கேலி செய்கிறது என்று நினைத்துக் கல்லால் அடிக்கிறோம். அது கேலி செய்யவில்லை. தொண்டை கிழிந்த அந்தச் சாயங்காலம் தொடங்கித்தான், கழுத்துச் சிவக்க, சத்தமே இல்லாமல், எதிரில் வருகிற எல்லாரிடமும் அது அந்த ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருக்கிறது: நெசம், நெசம், நெசம்.