ஏலப்பூவுக்குக் காவல் வைத்த எலி

மலைச்சரிவில் ஒரு காடு. பெரிய மரங்களின் நிழலில், ஓடைக்கரை ஈரத்தில், ஏலச்செடிகள் புதராக மண்டி நின்றன. அந்தப் புதரடியில் வெடுக்கன் என்ற எலியும் அவன் மனைவி பூவாயியும் வளை தோண்டிக் குடியிருந்தார்கள். ஐந்து குட்டிகள். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் ஒரு மாதத்துக்கு வெளியே தலைகாட்ட முடியாது. அதற்குள் வளை நிறைய ஏலக்காய் சேர்த்தாக வேண்டும். இல்லையென்றால் ஐந்தும் பட்டினிதான்.

ஏலச்செடி ஆளுயரத்துக்கு மேல் வளரும். ஆனால் பூப்பது உச்சியில் அல்ல, காலடியில். தூரிலிருந்து சரம் சரமாகக் கிளம்பி மண்ணோடு படரும். அந்தச் சரத்தில் வெள்ளைப் பூ, உள்ளே ஊதாக் கோடு. காலையில் விரிந்தால் சாயங்காலம் வாடிவிடும். ஒரு பூவுக்கு ஒரே ஒரு பகல்தான்.

அந்த வைகாசியில் பூ கொட்டிக் கிடந்தது. பூவாயிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வெடுக்கனுக்கோ தூக்கமே போய்விட்டது. சில பேர் அப்படித்தான். இல்லாதபோது இல்லையே என்று அழுவார்கள். இருந்தால் எவன் தூக்கிக்கொண்டு போவானோ என்று அழுவார்கள்.

ஒருநாள் காலை, அந்த வருஷத்தில் முதல்முறையாக, தேனீக்கள் வந்தன. வெடுக்கன் பார்த்துவிட்டான்.

“அய்யய்யோ! பூவுக்குள்ள தலையை விட்டு உறிஞ்சுதுங்களே! இப்படி உறிஞ்சினா காய் எங்கேருந்து வரும்?”

“ஏங்க, வருஷா வருஷம் வர்றதுங்கதானே? விடுங்க!” என்றாள் பூவாயி.

“உனக்கு ஒண்ணும் தெரியாது. நீ சும்மா இரு!”

அவற்றை வாலால் அடித்து விரட்டிவிட்டு நேரே காட்டுச்சேவல் கொண்டையனிடம் ஓடினான். “தம்பி, பகல் முழுக்க ஒரு தேனீ இந்தப் பக்கம் வரக் கூடாது. புதரடியில சருகைக் கிளறி எவ்வளவு புழு வேணும்னாலும் தின்னுக்கோ!”

“அவ்வளவுதானே? விடுங்க முதலாளி, நான் பாத்துக்கறேன்!” என்றான் கொண்டையன்.

பார்த்துக்கொண்டான். ஒரு தேனீ இறங்கினால் போதும், இறக்கையை விரித்துக்கொண்டு காடே அதிரக் கத்துவான். பாய்ந்து கொத்துவான். நான்கு தேனீக்களை விழுங்கியும் விட்டான்.

ஒரு வயதான தேனீ மட்டும் பொறுமையாக வெடுக்கனிடம் வந்து எட்ட நின்று பறந்தபடி சொன்னது: “அண்ணே, நாங்க எடுக்கிறது ஒரு சொட்டுத் தேன். அதுக்காக ஒரு பூவில இருக்கிற மகரந்தத்தைச் சுமந்துட்டுப் போய் அடுத்த பூவில வைக்கிறோம். அதை வச்சாத்தான் காய் பிடிக்கும். இல்லேன்னா பூ வெறுமனே உதிர்ந்துடும்!”

“எடுக்கறதை நான் கண்ணால பாத்தேன். வைக்கிறதை எவன் பாத்தான்?” என்றான் வெடுக்கன்.

இவனிடம் என்னத்தைப் பேசுவது! தேனீ போய்விட்டது.

தினமும் காலையில் பூ விரிந்தது, தினமும் சாயங்காலம் உதிர்ந்தது. பூவாயி உதிர்ந்த பூக்களைப் பார்த்துப் பார்த்துப் புலம்பினாள். “அந்தச் சேவலைப் போகச் சொல்லுங்க. உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன்!” அவன் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. ஆனி முடிந்து ஆடி வந்தபோது கொண்டையன் காலில் முள் ஏறி ஒரே ஒரு நாள் காவலுக்கு வரவில்லை. அன்று ஓடைக்கு அந்தப்பக்கம் போய்க்கொண்டிருந்த தேனீக்கள் சில இந்தப்பக்கமும் எட்டிப் பார்த்துவிட்டுப் போயின. பூவாயி பார்த்தாள், ஆனால் வாயைத் திறக்கவில்லை.

புரட்டாசி வந்தது. காய் பறிக்க வெடுக்கன் குடும்பத்தோடு கிளம்பினான். முதல் சரத்தில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் ஒன்றுமில்லை. புதர் முழுக்கத் தேடியும் கிடைத்தது பதினொரு காய். நல்ல பச்சையாக, திரட்சியாகப் பதினொன்று.

பூவாயி தலையில் அடித்துக்கொண்டாள். வெடுக்கன் என்ன சொன்னான் தெரியுமா?

“பாத்தியா! கொண்டையன் காவல் இருந்ததாலதான் இந்தப் பதினொரு காயாவது தப்பிச்சுது. அடுத்த வருஷம் ரெண்டு சேவல் போட்டுடணும்!”

கேட்டீர்களா! எனக்கே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது. கட்டியவளுக்கு எப்படி இருந்திருக்கும்?

“உங்க காவல்காரனுக்குக் காலில முள் குத்தின அன்னிக்குப் பூத்த பூவுல காய்ச்சதுங்க இது!” என்று கத்தினாள் பூவாயி. “காவல் வச்சப்புறம் அன்னிக்கு மட்டும்தான் தேனீ வந்துச்சு. அன்னிக்கு மட்டும்தான் காவல் இல்லை. இன்னுமா புரியலை?”

 வெடுக்கன் காய்களை மறுபடியும் எண்ணினான். பதினொன்றுதான்.

பூவாயி விடவில்லை. “இதை வச்சு அஞ்சு வயித்தை நான் மழை முடியறவரைக்கும் எப்படி நிரப்புவேன்? நான் மலைக்கு அந்தப்பக்கம் எங்க அண்ணன் வளைக்குப் போறேன். அவன் மூஞ்சியைச் சுளிச்சாலும் சோறு போடுவான்.” குட்டிகளை முன்னால் விட்டு, பூவாயி நடந்தாள். கடைசிக் குட்டி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது.  வெடுக்கன் கூப்பிடத்தான் நினைத்தான். எந்த முகத்தோடு கூப்பிடுவான்?

மறுநாள் காலை ஒரு சரத்தின் நுனியில் கடைசியாக நான்கு பூக்கள் விரிந்திருந்தன. தூரத்தில் ஒரு தேனீ பறந்து வந்தது. வெடுக்கன் பதறிப்போய் எழுந்து நின்றான்.

“வாம்மா! வா! இங்கே இறங்கு! வேணுங்கிற அளவு குடி!”

தேனீ இறங்கியது. பூவைத் தொடப் போனது.

“கொக்கரக்கோ!” சருகைச் சிதறடித்துக்கொண்டு பாய்ந்து வந்தான் கொண்டையன். தேனீ ஓடையைத் தாண்டிப் பறந்தே போய்விட்டது.

“டேய் பாவி! அது வரட்டும்னுதானேடா கூப்பிட்டேன்!”

“என்ன முதலாளி, என்னையே சோதிக்கிறீங்களா? நீங்களே கூப்பிட்டாலும் ஒண்ணையும் உள்ளே விடமாட்டேன்!” என்று கொண்டையன் பெருமையாக நெஞ்சை நிமிர்த்தினான்.

அன்று சாயங்காலம் நான்கு பூவும் உதிர்ந்தன.

வருகிறவர்கள் எல்லாரும் எடுத்துப்போகத்தான் வருகிறார்கள் என்று எண்ணி விரட்டுகிறவன், கொடுக்க வந்தவர்களையும் சேர்த்தே விரட்டிவிடுகிறான்.