சலித்த முற்றம்

“தாயி, இந்தக் கோழி பிழைக்குமா, பிழைக்காதா? ஒரு வார்த்தை சொல்லுங்க.”

பொன்னுரங்கம் கோழியை நெஞ்சோடு அணைத்தபடி நின்றார். வயது அறுபத்திரண்டு. காலையிலிருந்து இதே கேள்வியை ஐந்தாவது தடவையாகக் கேட்கிறார்.

சடைச்சியம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கரட்டடி மடத்துக்கு அவள்தான் குரு. அவரைவிட இருபத்தைந்து வயது சின்னவள்.

“வைத்தியம் கேக்குறீகளா, சோசியம் கேக்குறீகளா?”

“ரெண்டுல எது பலிக்குமோ அது.”

கோழியின் கழுத்துக்குக் கீழே இரைப்பை தென்னங்குரும்பை மாதிரிப் புடைத்திருந்தது. தொட்டால் கல். இரண்டு நாளாகக் கொண்டையும் வெளுத்துக்கொண்டே வந்தது.

மடத்துக்கு வந்த அன்றைக்கே அவரிடம் ஒப்படைத்த கோழி அது. ‘இது ஒன்பது குஞ்சையும் ஆளாக்கட்டும். உபதேசத்தை அப்புறம் பேசுவோம்’ என்று சொல்லியிருந்தாள். அந்த ஒன்பதும் இப்போது மூங்கில் கூடைப் பஞ்சாரத்துக்குள் தாயில்லாமல் கத்திக்கொண்டிருந்தன.

“இது செத்தா நான் வேற மடம் பார்த்துப் போயிருவேன், தாயி. இங்கயும் எனக்குப் பிராப்தம் இல்லைன்னு அர்த்தம்.”

“கோழி இன்னும் கண்ணைத் தொறந்துதான் இருக்கு. நீங்க அதுக்குள்ள மூட்டை கட்டியாச்சா?”

“கட்டலை. துணிய மட்டும் மடிச்சு வச்சிருக்கேன்.”

“சரி, என்னென்ன குடுத்தீக?”

“பூண்டு குடுத்தேன். இஞ்சிச்சாறு குடுத்தேன். தண்ணி எடுக்க வந்த பொம்பள சொன்னான்னு விளக்கெண்ணெய். பாவம், பசிக்குமேன்னு ரெண்டு கை சோளம்.”

“அம்புட்டுதானா?”

அவர் தயங்கினார். “தலைகீழாப் பிடிச்சு உலுக்கினேன்.”

சடைச்சியம்மாள் கீரையைக் கீழே வைத்தாள்.

“மூச்சுக்குழல்ல ஏறிச்சுன்னா அங்கனயே முடிஞ்சிரும். உங்களைத் தலைகீழாத் தொங்கவிட்டு உலுக்கட்டுமா? உபதேசம் விழுதான்னு பார்ப்போம்.”

கோழியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அலகின் ஓரமாக வெதுவெதுப்பான தண்ணீரும் இரண்டு சொட்டு நல்லெண்ணெயும் விட்டாள். பால் செரிக்காத பிள்ளைக்கு வயிறு நீவுவதுபோல இரைப்பையை மெல்ல நீவினாள். உள்ளே சோளம் நறநறவென்று நகர்ந்தது.

பிறகு கோழியைத் தனிப் பஞ்சாரத்தில் மூடினாள். ஒரு சிரட்டையில் தண்ணீர் வைத்தாள்.

“நாளைக்கு விடியுற வரைக்கும் தீனி கிடையாது. யாரும் தொடவும் கூடாது.”

“பட்டினி போடவா சொல்றீக?”

“வயிறு நெறஞ்சு கிடக்கிறது எப்படிய்யா பட்டினி கிடக்கும்?”

அன்றைக்கு முழுவதும் பொன்னுரங்கத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை.

உட்கார்ந்தார். எழுந்தார். பஞ்சாரத்தைச் சுற்றி வந்தார். வாசல் தட்டியைத் திறந்து சாத்தினார். குஞ்சுகள் கத்தினால் ஓடினார். கத்தாவிட்டால் இன்னும் வேகமாக ஓடினார்.

பொழுது சாய்கையில் பஞ்சாரத்தின் விளிம்பில் கை வைத்தார்.

“கையை எடுங்க” என்றது அடுப்படியிலிருந்து குரல்.

“சும்மா பார்க்கத்தான், தாயி.”

“நீங்க நடக்குற நடைக்கு, செரிச்சது திரும்பி மேல வந்துரும். போய்ப் படுங்க.”

விடிந்தது. சடைச்சியம்மாள் கோழியைத் தொட்டுப் பார்த்தாள். இரைப்பை இளகியிருந்தது. ஆனால் இறங்கவில்லை.

“விடியுறப்போ பை காலியா இருக்கணும். இது பாதிகூடக் குறையலை.”

“அப்ப அவ்வளவுதானா?”

அவள் முற்றத்தைப் பார்த்தாள். சுற்றிலும் மண்சுவர். நடுவில் மாவு பரப்பியதுபோல வழவழவென்று மண். எழுந்து போய்த் தட்டியைத் திறந்து, கோழியை வெளியே விட்டாள்.

கோழி தள்ளாடித் தள்ளாடிப் பாதைக்குப் போனது. நின்றது. தலையைச் சாய்த்துத் தரையைப் பார்த்தது. டக்கென்று ஒன்றைக் கொத்தி விழுங்கியது.

“ஐயையோ! கல்லைத் திங்குது தாயி!”

விரட்ட ஓடியவரின் துண்டைப் பிடித்து நிறுத்தினாள்.

“கோழிக்குப் பல்லு எங்கய்யா இருக்கு?”

“பல்லா? கோழிக்கு ஏது பல்லு?”

“அப்ப சோளத்தை எதை வச்சு அரைக்கும்?”

கோழி இன்னொரு கல்லை விழுங்கியது. பொன்னுரங்கம் முற்றத்தைத் திரும்பிப் பார்த்தார். அவர் முகம் தொங்கிப்போனது.

“நீங்க வெறுங்காலோட நடக்குறீகளேன்னு வந்த நாளுல இருந்து மண்ணைச் சலிச்சுக்கிட்டு இருக்கேன், தாயி. பொடிக்கல்லுகூட விடலை. கீரி வரும்னு தட்டியையும் சாத்தி வச்சுட்டேன்.”

“சலிச்ச கல்லெல்லாம்?”

“சரிவுல கொட்டிட்டேன்.”



அன்றைக்கும் தண்ணீர்தான். நீவல்தான். மறுநாள் காலையில் கோழி பெரிதாக எச்சம் போட்டது. சடைச்சியம்மாள் அதைக் குனிந்து பார்த்துவிட்டு, பிள்ளை முதல் அடி வைத்ததுபோலக் கைதட்டிச் சிரித்தாள். இரைப்பை காலிப் பையாகத் துவண்டு கிடந்தது. பஞ்சாரத்தைத் தூக்கியதும் ஒன்பது குஞ்சும் தாயின் சிறகுக்குள் புகுந்தன.

பொன்னுரங்கத்துக்கு இப்போதுதான் மூச்சு வந்தது.

“ஏன் அய்யா, முதல் மடத்தை எதுக்கு விட்டு வந்தீக?” என்று கேட்டாள்.

“சலிச்சுப்போச்சு, தாயி. அங்க ஒருத்தன். நான் உக்காந்தா குத்தம், நின்னா குத்தம்.”

“ரெண்டாவது மடம்?”

“அங்க சமைக்கிற அம்மாவுக்கு வாய் நீளம். எல்லார் முன்னாடியும் குத்திக் குத்திப் பேசும். அதுவும் சலிச்சு...”

நிறுத்திவிட்டார்.

“மூணாவது?”

பொன்னுரங்கம் எழுந்து போய்ச் சுவரில் மாட்டியிருந்த சல்லடையை எடுத்தார். தட்டியைத் தாண்டிச் சரிவைப் பார்த்து நடந்தார்.

“சல்லடையிலயா அள்ளப் போறீக?” முற்றத்திலிருந்து கத்தினாள் அவள். “மண்ணெல்லாம் ஒழுகிரும்யா! கல்லுதான் மிஞ்சும்!”

“மிஞ்சட்டும், தாயி.”